ஹார்ட் டிஸ்க் காந்தமும் 1,500 கோடி ரூபாய் மானியமும்

பழுதான ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு மூலையில், பளபளவென்று வளைந்த காந்தம் இருக்கும், அதன் இரண்டு துண்டுகளுக்கு நடுவே விரலை வைத்தால் கடித்துவிடும், அவ்வளவு பிடி. அதன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் நியோடிமியம் மாதிரியான அருமண் தனிமங்கள் (rare earths). காயலான் கடைக்குப் போனால் இரும்போடு இரும்பாக எடை போட்டுவிடுவார்கள்.

இதே நியோடிமியத்தை நம் நாட்டில் புதிதாக எடுக்க வேண்டுமென்றால், கடற்கரை மணலைத் தோண்டி மோனசைட் என்ற கனிமத்தைப் பிரிக்க வேண்டும், கூடவே கதிரியக்கமுள்ள தோரியமும் வரும். இப்படி மணல் எடுக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இந்தத் தோண்டலைக் கொஞ்சமாவது குறைக்கலாமே என்றுதான் குப்பை பக்கம் திரும்பியிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 3 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 1,500 கோடி ரூபாய் முக்கியக் கனிம மறுசுழற்சித் திட்டம், 2030-31 வரை ஓடும். மின்னணுக் கழிவு, லித்தியம் பேட்டரி, வண்டிப் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி, இவற்றிலிருந்து கனிமம் பிரிக்கும் ஆலைகளுக்குப் பணம். குறித்த காலத்துக்குள் உற்பத்தியைத் தொடங்கினால் இயந்திரச் செலவில் 20 சதவீதம் மானியம். 2025-26 விற்பனையைத் தாண்டி விற்றால் இயக்கச் செலவுக்கும் உண்டு, ஆனால் அந்தத் தொகையில் 40 சதவீதம் இரண்டாம் ஆண்டில், மீதி 60 ஐந்தாம் ஆண்டில். மொத்தமாகப் பெரிய நிறுவனத்துக்கு 50 கோடி, சிறியவர்களுக்கு 25 கோடி உச்சவரம்பு, நிதியில் மூன்றில் ஒரு பங்கு சிறியவர்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும்.

ஒரு நல்ல நிபந்தனை: பேட்டரியை அரைத்துக் கருப்புத் தூளாக மட்டும் விற்பவருக்குக் காசு கிடையாது, கனிமத்தையே பிரித்தெடுக்க வேண்டும்.

சரி, குறை எங்கே? ஆண்டுக்கு 40,000 டன் கனிமம் என்பது இலக்கு, அதில் லித்தியம், கோபால்ட் எல்லாம் அடக்கம். காந்தத்தைவிட பேட்டரியில் லாபம் பார்ப்பது எளிது, அதனால் பேட்டரிக்காரர்கள்தான் முந்துவார்கள் என்று நினைக்கிறேன். 2022 மின்கழிவு விதிகளும் உதவவில்லை, அதில் பொருளைத் தயாரித்த நிறுவனங்கள் வாங்க வேண்டிய மறுசுழற்சிச் சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற நான்கு உலோகக் கணக்கில்தான் நடக்கிறது, நியோடிமியத்தைத் தனியாக எடு என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அப்புறம், இந்தப் பணம் ஆலைக்கு மட்டும்தான், நமக்கு வராது. நாம் செய்யக்கூடியது, பழைய டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சியாளரிடம் கொடுப்பது. காந்தத்தைத் தனியாக எடுப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.