கிட்டாரை மாற்றும் முன் ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுங்கள்

கிட்டார் வாங்கிக் கொடுத்த மூன்றாவது மாதமே பிள்ளை வகுப்புக்குப் போக மறுத்தால், "ஆர்வம் இல்லை" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கிட்டாரில் எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி) பிடித்துப் பாருங்கள். பெரியவர் விரலுக்கே வலித்தால் பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது. "பழகப் பழக விரல் காய்த்துவிடும்" என்பது செட்டப் (கம்பி உயரம், நெக் வளைவு போன்றவற்றைச் சீராக்குவது) சரியாக உள்ள கிட்டாருக்குத்தான் பொருந்தும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (விரல் வைக்கும் பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி 4 மி.மீ. உயரத்தில் நிற்கும் கிட்டாரில் எவ்வளவு பழகினாலும் கை திருந்தாது.

மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் அகூஸ்டிக் கிட்டாருக்கு செட்டப் செலவு செய்வதா, புதிது வாங்குவதா? சத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மலிவு கிட்டாரின் நாதத்தை எந்த செட்டப்பும் பெரிதாக மாற்றிவிடாது. நெக் (கிட்டாரின் கழுத்து) எந்தக் கோணத்தில் நிற்கிறது, பிரிட்ஜ் (உடல்மேல் ஒட்டிய, கம்பிகளைப் பிடிக்கும் மரத்துண்டு) பிடிப்போடு இருக்கிறதா, சேடிலில் (பிரிட்ஜில் செருகிய, கம்பிகள் ஏறி நிற்கும் மெல்லிய துண்டு) தேய்க்க இடம் மிச்சம் உள்ளதா, இவைதான் கேள்வி. 15 செ.மீ., 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல்கள், சில ஏ4 தாள்கள், டியூனர் ஆப் போதும்.

முதலில் சரியான சுருதிக்கு டியூன் செய்யுங்கள். எக்ஸ்ட்ரா லைட் (முதல் கம்பியின் கனம் .010 அங்குலம்) கம்பித் தொகுதி சுமார் 60 கிலோ விசையோடும், .012 தொகுதி 70 கிலோவுக்கு மேலும் நெக்கை இழுக்கின்றன. கம்பி தளர்ந்திருக்கும்போது எடுத்த அளவு செல்லாது.

தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், உடலோடு நெக் சேரும் ஃப்ரெட்டிலும் (பெரும்பாலும் பதினான்கு) அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். ஏ4 தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. கனம். இரண்டு மூன்று தாள் நுழைந்தால் நெக் நன்றாக உள்ளது. ஐந்துக்கு மேல் நுழைந்தால் நெக் முன்னோக்கி வளைந்திருக்கிறது. நெக்கினுள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை வலப்பக்கம் திருக வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு மீண்டும் டியூன், மீண்டும் அளவு. இறுக்கம் காட்டினால் நிறுத்துங்கள். ட்ரஸ் ராட் நெக் வளைவைத் திருத்தத்தான். கம்பி உயரத்தைக் குறைக்க அதைத் திருகித் திருகி உடைப்பவர்கள் அதிகம். திருகும் முனை சவுண்ட் ஹோலுக்குள், ஃபிங்கர்போர்டு முடியும் இடத்தில் இருக்கும், அல்லது தலைப்பகுதியில் சின்ன மூடிக்கு அடியில். இரண்டிலும் இல்லையென்றால் உள்ளே திருக முடியாத இரும்புத் தண்டு மட்டும் இருக்கலாம். அப்படிப்பட்ட நெக் 1 மி.மீ. வளைந்துவிட்டால் அதற்குச் செலவு செய்வது வீண்.

அடுத்து நெக் கோணம். 60 செ.மீ. ஸ்கேலை மூன்றாவது, நான்காவது கம்பிகளுக்கு நடுவில், இரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்களின் மேலேயே கிடத்துங்கள். மறுமுனை பிரிட்ஜ் மரத்தின் மேல்பரப்பைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். பிரிட்ஜின் முன்பக்கச் சுவரில் 2 மி.மீ. கீழே இடித்தால் நெக் முன்னால் சாய்ந்துவிட்டது. நெக்கைக் கழற்றித் திருப்பி ஒட்டும் கூலி கிட்டாரின் விலையையே தாண்டும். மாற்றிவிடுங்கள்.

இங்கே ஒரு கணக்கு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி உயரம் 1 மி.மீ. குறைய, சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். ஆறாவது கம்பி 2.5, முதல் கம்பி 2 மி.மீ. உயரத்தில் இருந்தால் கற்பவருக்குப் போதும். ஆறாவது கம்பி இப்போது 3.5 என்றால் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். சேடில் பிரிட்ஜுக்கு மேலே 5 மி.மீ. தெரிந்தால் தேய்த்த பின் 3 மிஞ்சும்; நல்லது. 4.5 மி.மீ. உயரம் என்றால் 4 தேய்த்து 1 மிஞ்சும். கம்பி சேடிலை அழுத்தாது, சத்தம் செத்துவிடும். தேய்ப்பது எப்போதும் சேடிலின் அடியை: பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடிமேல் ஒட்டிய 120 எண் உப்புத்தாளில், அடி சமமாக இருக்கும்படி.

விரல் வலிக்குப் பெரும்பாலும் காரணம் சேடில் அல்ல, நட் (நெக்கின் தலைப்பக்க முனையில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் துண்டு). கடைகளில் இதை யாரும் பார்ப்பதில்லை. மூன்றாவது ஃப்ரெட்டை ஒட்டி அழுத்தினால் முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தாள் மட்டும் நுழைய வேண்டும். மூன்று நான்கு நுழைந்தால் நட் உயரம். அப்போது முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போதே கம்பி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறும். வெறும் கம்பிகள் டியூனரில் சரியாகக் காட்டும், சி கார்டு மட்டும் அபசுரமாகக் கேட்கும். பிள்ளை தன் காதைச் சந்தேகிக்கும். நட்டுக்கான அரம் விலை அதிகம். கேஸ் வெல்டிங் கடையில் கிடைக்கும் டிப் கிளீனரில் (துளை சுத்தம் செய்யும் மெல்லிய அரக் கம்பிகள்) கம்பியின் கனத்துக்கு ஏற்றதை எடுத்து நாலைந்து இழுப்பு, பிறகு டியூன் செய்து அளவு. பள்ளம் தலைப்பக்கம் சரிய வேண்டும். தட்டையாக விட்டால் ஜீவா நூல் வைத்த தம்புரா போல இரையும். ஆழம் அதிகமாகிவிட்டால் எலும்பு நட் ஒன்று வாங்கிப் பொருத்துவதே சுத்தமான வழி.

பிரிட்ஜின் பின்விளிம்பில் தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே ஓடினால் பசை விடுகிறது. ஃபெவிக்விக் ஊற்றாதீர்கள், அது மரத்தில் ஊறிவிட்டால் பிறகு மரப்பசை பிடிக்காது. பிரிட்ஜைக் கழற்றி, பெயின்ட் போகச் சுரண்டி, மரப்பசையில் ஒருநாள் முழுக்க கிளாம்ப் போட்டால் நிற்கும். நைலான் கம்பிக்கான கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டியதாலும் பிரிட்ஜ் பிய்ந்துவரும்; அதைப் பழுது பார்த்துவிட்டு மீண்டும் ஸ்டீல் மாட்டினால் பயனில்லை.

ஃப்ரெட்களுக்கு ஏடிஎம் கார்டின் விளிம்பு போதும். மூன்று ஃப்ரெட்மேல் வைத்து ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். ஒன்றிரண்டைச் சரிசெய்யலாம், பத்து இடத்தில் ஆடினால் கூலி கட்டாது. புதுக் கம்பி மாட்டியும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 20 சென்ட் (டியூனர் காட்டும் சுருதியின் நுண் அளவு) ஏறியே காட்டினால், நட்டிலிருந்து அந்த ஃப்ரெட் வரையான நீளத்தை இரட்டியுங்கள். முதல் கம்பிக்கு சேடில் அதைவிட 2 மி.மீ. அளவு தள்ளியே இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் பிரிட்ஜையே தவறான இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

நெக், பிரிட்ஜ், ஃப்ரெட் மூன்றும் தேறினால், செட்டப் கூலி கிட்டார் விலையில் பாதியை எட்டினாலும் செய்துவிடலாம் என்பதே எங்கள் கருத்து. அதே விலைக்குப் பெட்டியிலிருந்து எடுக்கும் புதுக் கிட்டாருக்கும் நட், சேடில் வேலை தேவைப்படும். அந்தக் கூலியையும் புதியதன் விலையோடு சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். .010 கம்பியும் மாட்டினால் சின்னக் கைக்கு இன்னும் இலகு.

புதிதுதான் வழி என்றால், திருகக்கூடிய ட்ரஸ் ராட் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்கு ஸ்கேலை எடுத்துச் செல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே டியூன் செய்து, ஒரு நாள் விட்டு, நெக் கோணத்தையும் பிரிட்ஜையும் அளந்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை சேடிலில் உப்புத்தாள் படக் கூடாது.