தியானம்: ஒரு சொல் விளக்கம்

கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி புழங்கும் சொல் இது. காலையில் வேதத்தைத் திறந்து ஒரு பகுதியை வாசித்துச் சற்று நேரம் யோசிப்பதை 'வேத தியானம்' என்கிறோம். அந்தப் பகுதிக்கு யாரோ எழுதிய ஒரு பக்க விளக்கத்துக்கும் 'இன்றைய தியானம்' என்றே பெயர். கத்தோலிக்கர் நடுவில் வேலைகளை விட்டு விலகி, சில நாள் ஜெபத்தில் தங்கியிருப்பதும் தியானம்தான். ஒரே சொல் மூன்று காரியங்களைச் சுமப்பதில் தவறில்லை. ஆனால் வேதத்தில் அந்தச் சொல் நிற்கும் இடங்களில் மூலமொழி என்ன சொல்கிறது என்று பார்த்தால், நாம் பழகியிருக்கும் பொருளிலிருந்து அது கணிசமாகத் தள்ளி நிற்பது தெரியும்.

முதலில் தமிழில் இருக்கும் சொல். தியானம் வடமொழிச் சொல். 'த்யான' என்பதன் தமிழ் வடிவம். மனதை ஒன்றின்மேல் நிறுத்தி எண்ணுவது என்று பொருள். பதஞ்சலி வகுத்த யோகத்தின் எட்டு உறுப்புகளில் தாரணைக்கும் சமாதிக்கும் நடுவே ஏழாவதாக வருவது இதுதான். திருமூலரும் இதே வரிசையில் தியானத்தைப் பாடியிருக்கிறார். பாலியில் 'ஜான' ஆகி, பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய் 'சான்' என்று மாறி, ஜப்பானில் 'ஜென்' ஆனதும் இதே சொல். இவ்வளவு தூரம் பயணம் செய்த சொல் தன்னோடு ஒரு படத்தையும் கொண்டு வருகிறது: மூடிய கண்கள், அசையாத உடல், பேசாத வாய்.

சரி, சங்கீதக்காரன் என்ன சொன்னான்? "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்" என்ற முதலாம் சங்கீதத்தில், எபிரெயு மூலத்தில் இருக்கும் வினை 'ஹாகா'. இது வாயிலிருந்து வரும் சொல். முணுமுணுத்தல், தாழ்ந்த குரலில் ஒலித்தல், உறுமுதல் என்பவை அதன் அடிப்படைப் பொருள்கள். இரையைப் பிடித்த சிங்கம் அதன்மேல் நின்று உறுமுவதைச் சொல்ல ஏசாயா 31-ஆம் அதிகாரத்தில் இந்த வினைதான் வருகிறது. எசேக்கியா ராஜா வியாதியிலிருந்து பிழைத்தபின் எழுதிய பாட்டில் "புறாவைப்போல் புலம்பினேன்" என்கிறாரே, அந்தப் புலம்பலும் ஹாகாதான்.

நம் பழைய தமிழ் வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். இடத்துக்கு ஏற்ப அவர்கள் சொல்லை மாற்றுவதைப் பாருங்கள். "நீதிமானுடைய வாய் ஞானத்தை உரைத்து" என்ற 37-ஆம் சங்கீத வரியில் 'உரைத்து' என்பது ஹாகா. விக்கிரகங்களைப் பற்றி, "தங்கள் தொண்டையால் சத்தமிடவும் மாட்டாது" என்று 115-ஆம் சங்கீதம் சொல்கிறது; அங்கே 'சத்தமிட' என்பதும் அதே வினை. இதை வாசித்த பிறகு முதலாம் சங்கீதத்துக்குத் திரும்பினால், அந்தப் பாக்கியவானின் வாய் அசைவது கண்ணில் படுகிறது. தொண்டை இருந்தும் சத்தம் வராத விக்கிரகம் ஒரு பக்கம், வேத வசனம் இரவும் பகலும் தொண்டையில் ஒலிக்கிற மனுஷன் மறுபக்கம்.

இன்னொரு இடம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இரண்டாம் சங்கீதம் தொடங்குவதே இப்படி: "ஜாதிகள் கொந்தளித்து, ஜனங்கள் விருதாக்காரியத்தைச் சிந்திப்பானேன்?" அந்தச் 'சிந்திப்பானேன்' என்பதும் ஹாகாவே. அடுத்தடுத்த இரண்டு சங்கீதங்களில் ஒரே வினையை வைத்தால், வாசிப்பவர் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது. மனிதர் எல்லோரும் எதையோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவன் வாயில் கர்த்தருடைய வேதம். இன்னொருவன் வாயில் சதி, பழைய பகை, வீண் திட்டம். 'எனக்குத் தியானம் வராது' என்று சொல்பவர்கள் உண்டு. கவலையை இராத்திரி முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்த வேலை ஏற்கெனவே கைவந்ததுதான்.

யோசுவாவுக்குக் கொடுத்த கட்டளையில் வாய் வெளிப்படையாகவே வருகிறது: "இந்த நியாயப்பிரமாண புஸ்தகம் உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக." அதன் பிறகுதான் "இரவும் பகலும் அதைத் தியானித்துக்கொண்டிருப்பாயாக" என்று தொடர்கிறது. 'உன் மனதை விட்டு' என்றிருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம், இருப்பதோ 'உன் வாயைவிட்டு'. நோக்கமும் அங்கேயே சொல்லப்படுகிறது: எழுதியிருக்கிறபடி செய்ய. வாய், பிறகு கை.

அந்தக் காலத்து வாசிப்பே பெரும்பாலும் சத்தமான வாசிப்பு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்தபோது, கிட்ட ஓடிய பிலிப்புவின் காதில் அது விழுந்தது, அதனால்தான் "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா?" என்று கேட்க முடிந்தது. நான்காம் நூற்றாண்டில்கூட, மிலான் ஆயர் அம்புரோஸ் உதடு அசையாமல் கண்ணால் மட்டும் வாசிப்பதைப் பார்த்ததைச் சொல்லத்தக்க செய்தியாக அகுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார்.

வேதத்தில் 'தியானம்' என்று வரும் இன்னொரு எபிரெயுச் சொல் 'சியாக்'. இதில் பேச்சும் முறையீடும் மனக்குமுறலும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் உதடு அசைய அழுதபோது, ஆசாரியன் ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்தான். "மிகுதியான விசாரத்தினாலும் கிலேசத்தினாலும்" விண்ணப்பம் பண்ணினேன் என்று அவள் சொன்ன பதிலில் அந்த 'விசாரம்' என்பதுதான் சியாக். சிநேகிதனால் காட்டிக்கொடுக்கப்பட்டவனின் பாட்டான 55-ஆம் சங்கீதத்தில், "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்று வருவதும் அதே சொல்லின் வினை வடிவம். ஆகவே மனம் அமைதியான பிறகு செய்ய வேண்டியது தியானம் என்று காத்திருக்கத் தேவையில்லை. கலங்கின மனதோடு கர்த்தரிடம் பேசத் தொடங்குவதையே வேதம் தியானம் என்கிறது. இதைத் தெரிந்துகொள்வதில் பெரிய ஆறுதல் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் ஓரிடம் போதும். மேய்ப்பர்கள் சொன்னதைக் கேட்ட மரியாள் "தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்" என்று லூக்கா எழுதுகிறார். அங்குள்ள கிரேக்க வினைக்கு, ஒன்றோடொன்று சேர்த்து வைத்தல் என்று பொருள். தேவதூதன் சொன்னது, எலிசபெத்து சொன்னது, இப்போது மேய்ப்பர் சொல்வது, எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறாள்.

லத்தீன் வேதாகமம் முதலாம் சங்கீதத்தின் ஹாகாவை 'மெடிட்டாரி' என்ற வினையால் பெயர்த்தது. துறவிகள் அதோடு இன்னொரு சொல்லையும் வைத்துக்கொண்டார்கள்: அசைபோடுதல். லேவியராகமத்தில் சுத்தமான மிருகத்துக்கு அடையாளம் விரிகுளம்பும் அசைபோடுதலும் அல்லவா? கர்த்தருடைய வார்த்தையை மென்றுகொண்டே இருப்பவர்களை அது குறிக்கிறது என்ற விளக்கம் திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியத் துறவி இரண்டாம் கூய்கோ இதைப் படிகளாக வகுத்தார்: வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது, ஜெபம் சுவையைப் பெறுகிறது, ஆழ்நிலைக் காட்சி அந்த இனிமையாகவே ஆகிவிடுகிறது. அசைபோடுதல் என்ற நம் வழக்கு ஆடுமாட்டுக்கும் நினைவுக்கும் பொதுவாக இருப்பதால் தமிழருக்கு இந்த உவமையை விளக்கவே வேண்டியதில்லை.

தியானம் என்ற சொல்லே வேண்டாம், அது மனதை வெறுமையாக்கும் பயிற்சி என்று சில விசுவாசிகள் தயங்குவதுண்டு. தயக்கம் புரிகிறது, ஆனால் சொல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பது என் கருத்து. பல தலைமுறைகளாக வேத வசனத்தோடு சேர்ந்தே புழங்கியதால் 'வேத தியானம்' என்ற தொடருக்கு ஒரு தெளிவான பொருள் உறுதியாகிவிட்டது. அதோடு, வெறுமை வேதம் சொல்லும் வழியும் அல்ல. ஹாகா வாயை வசனத்தால் நிரப்பும் வேலை.

அப்புறம், நல்ல தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் முதலாம் சங்கீதத்தில் 'சிந்திப்பர்' என்கிறது. எளிமையான சொல்தான், ஆனால் சிந்தனையும் வடமொழி. வாயின் ஓசையும் அதில் இல்லை. தனித்தமிழ் அன்பர்கள் 'ஊழ்கம்' என்பார்கள். அது தியானத்துக்குப் பொருந்தும், ஹாகாவுக்குப் பொருந்தாது. 'உள்ளுதல்' அருமையான பழஞ்சொல். "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்" என்ற குறளில் இருப்பது அது. தேவாரத்து 'உள்குவார்' என்பதும் அதற்கு உறவுதான். மரியாள் செய்ததை உள்ளுதல் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஹாகாவுக்கு என் தேர்வு 'ஓதுதல்'. வாயால் சொல்லுதல், திரும்பத் திரும்பச் சொல்லிப் பயிலுதல், மறையைப் பயிலுதல் மூன்றும் இந்த ஒரு சொல்லில் அடங்கும். காதோடு காதாக ஓதுவதும் தமிழில் உண்டு, ஆகவே தாழ்ந்த குரலுக்கும் இடம் இருக்கிறது. மனதின் பங்கையும் காட்ட வேண்டுமென்றால் வள்ளுவர் சேர்த்து வைத்ததையே எடுத்துக்கொள்ளலாம்: "ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்." ஓதி உணர்தல். அந்தக் குறளின் கண்டிப்பு யோசுவாவுக்குக் கொடுத்த கட்டளையின் கடைசிப் பகுதிக்கும் பக்கத்தில் வருகிறது.

தினமும் ஒரு வசனம் என்ற பழக்கத்தின் வேரும் ஓதுதலுக்கு நெருக்கமானதே. 1728-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் சின்சென்டார்ஃப் பிரபு அங்கிருந்த மொரேவிய சபையாருக்கு அன்றன்றைக்கு ஒரு வாசகத்தைக் கொடுக்கத் தொடங்கினார். 1731-இலிருந்து அது ஆண்டுதோறும் அச்சாகி வருகிறது. விளக்கக் கட்டுரை எதுவும் அவர்கள் கையில் கொடுக்கப்படவில்லை. நாள் முழுவதும் வைத்துக்கொள்ள ஒரு சிறிய வாசகம் மட்டும். இன்று நாம் ஒரு வசனத்தை ஓரமாகப் பார்த்துவிட்டு அதன் கீழே இருக்கும் பக்கத்தைப் படித்து முடித்துத் தியானம் ஆயிற்று என்கிறோம். அந்த எழுத்து எவ்வளவு நல்லதானாலும், ஓதியவர் அதை எழுதியவர்தான்.

நான்காம் சங்கீதத்தின் ஒரு வசனத்தை எடுத்து இதைச் செய்து பார்க்கலாம். "நீங்கள் கோபங்கொண்டாலும், பாவஞ்செய்யாதிருங்கள்; உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்." யாரோடோ சண்டையிட்ட நாள் என்று வைத்துக்கொள்வோம். முழு வசனத்தையும் மெதுவாக, தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல வேண்டும். இரண்டாம் முறை 'கொண்டாலும்' என்பதில் நாக்கு நிற்கும். கோபமே வரக்கூடாது என்று வசனம் சொல்லவில்லையே! மூன்றாம் முறை 'பாவஞ்செய்யாதிருங்கள்': நாளைக்கு அவரிடம் சொல்லலாம் என்று தயாராக வைத்திருந்த அந்த ஒரு வாக்கியம் நினைவுக்கு வரும். 'பேசிக்கொண்டு' என்ற இடத்தில், இவ்வளவு நேரம் மனதுக்குள் அந்த மனிதரோடு வாதாடிக்கொண்டிருந்தோம் என்பது பிடிபடும். இதே வசனத்தைப் பவுலும் எபேசியருக்கு எழுதும்போது எடுத்து, "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று அதோடு ஒரு கெடுவும் வைத்தார். சங்கீதம் படுக்கை வரை நேரம் தருகிறது, பவுல் பொழுது சாயும் வரைதான் தருகிறார்.