1868-இன் வெயிலை எதில் வைத்து அளந்தார்கள்?

"இங்கிலாந்தில் 1868-லேயே நூறு டிகிரியைத் தாண்டி வெயில் கொளுத்தியிருக்கிறது. அப்புறம் என்ன புவி வெப்பமாதல்?" பழைய வானிலைப் பதிவுகளோடு வேலை செய்யும் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. எண் பொய்யில்லை. அந்த ஆண்டு ஜூலை 22 அன்று, கென்ட் பகுதியின் டன்பிரிட்ஜில் வெப்பமானி 100.5 ஃபாரன்ஹீட் காட்டியது.

ஆனால் அந்த வெப்பமானி கிளெய்ஷர் தாங்கியில் மாட்டப்பட்டிருந்தது. முன்பக்கம் திறந்த மரப்பலகை அது. வெயில் நேரே படாதபடி பகல் முழுவதும் ஆள் நின்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் திருப்பினாலும் சுட்ட தரையின் அனல் வெப்பமானியில் அடிக்கும். இன்று நாம் அளப்பது, 1860-களில் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்த, நாற்புறமும் சாய்சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள். அதே கோடைப் பகலில் இந்தப் பெட்டி குறைவாகத்தான் காட்டும். இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது தவறு.

அதற்காக விக்டோரியா காலத்துப் பதிவுகளை ஒதுக்கிவிடக் கூடாது. மழைக்கணக்கைப் பாருங்கள். பிரிட்டன் முழுவதும் மழையளவுகளைத் திரட்டிய ஜார்ஜ் சைமன்ஸ், 1860-இல் 168 இடங்களின் கணக்கோடு தொடங்கினார். 1900-இல் அவர் மறையும்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அளந்துகொண்டிருந்தார்கள். பாதிரியார்கள், மருத்துவர்கள், பண்ணைக்காரர்கள் எனப் பெரும்பாலோர் சம்பளமில்லாதவர்கள். மழைமானியின் விளிம்பு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும், காலை 9 மணிக்கு அளக்க வேண்டும், அளந்ததை முந்தைய நாளின் கணக்கில் எழுத வேண்டும் என்றெல்லாம் அவர் விதி வகுத்தார். இந்தக் கடைசி விதி தெரியாதவர், ஓர் ஆண்டு ஏட்டைப் புரட்டினால் ஒவ்வொரு மழையையும் ஒரு நாள் தவறாகப் புரிந்துகொள்வார்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. 2020-இல் ரெடிங் பல்கலைக்கழகம் அழைத்தபோது, ஊரடங்கில் வீட்டிலிருந்த 16,000 தன்னார்வலர்கள் 65,000 பழைய மழைப்பதிவுத் தாள்களில் கையால் எழுதியிருந்த எண்களைக் கணினியில் ஏற்றினார்கள். பிரிட்டனின் தொடர்ச்சியான மழைப்பதிவு 1836 வரை பின்னோக்கி நீண்டது. அதில் மிக வறண்ட ஆண்டு 1855 என்று தெரியவந்தது. குடிநீர்த் திட்டம் போடுபவர்களுக்கு இது பொன்னான தகவல்.

ஆகவே பழைய பதிவேட்டைப் படமெடுத்துப் பகிர்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எண்களை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். கருவியின் பெயர், உயரம், அளந்த நேரம் எழுதப்பட்ட முதல் பக்கத்தையும் ஓரக்குறிப்புகளையும் சேர்த்தே எடுங்கள்.