ரத்தம் ஏற்றியபின் மூச்சு முட்டுவது ஏன்?

"ரத்தப் பிரிவு பார்த்துத்தானே ஏற்றுகிறார்கள், அப்படியும் சிலருக்கு மூச்சு முட்டுகிறதே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏ, பி, ஓ எல்லாம் சிவப்பணு விவகாரம். அவர் கேட்பதற்குச் சில காரணங்கள் உண்டு. அவற்றில் 'ட்ராலி' (TRALI), அதாவது ரத்தம் ஏற்றுவதால் நுரையீரலுக்கு வரும் திடீர்ப் பாதிப்பு, வெள்ளையணு விவகாரம். ரத்தம் ஏற்றிய 6 மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அரிதுதான், ஆனால் உயிரையும் பறிக்கும்.

நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு ரத்தத்தில் மிதக்கையில் சுமார் 7, 8 மைக்ரான் விட்டமுடையது. நுரையீரல் தந்துகிகள் பலவற்றின் அகலமோ 5, 6 மைக்ரான்தான். அடுத்தடுத்துப் பல தந்துகிகளில் உடலை நீட்டிக் குறுக்கித்தான் அது கடந்தாக வேண்டும். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியை மோதிரத்துக்குள் இழுத்துவிடலாம்; கஞ்சி போட்டதை இழுக்க முடியுமா? நியூட்ரோஃபிலுக்குள் அந்தக் கஞ்சி, ஆக்டின் என்ற புரதம். ஆபத்துச் செய்தி எட்டியதும், உதிரியாகக் கிடந்த ஆக்டின் மூலக்கூறுகள் சில நொடிகளில் இழைகளாகக் கோத்துக்கொண்டு சவ்வின் அடியில் வலை பின்னுகின்றன. அணு விறைக்கிறது. கிருமியை நோக்கி ஊர்ந்து செல்லவும் இதே ஆக்டின்தான் உதவுகிறது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தந்துகிக்குள் விறைத்தால் அங்கேயே சிக்கி, சுவரில் ஒட்டி, கிருமிக்கென வைத்திருந்த நச்சுகளை அங்கே கொட்டுகிறது. சுவர் ஒழுகுகிறது, காற்றறைகளில் நீர் நிறைகிறது.

அறுவை சிகிச்சையோ கடும் தொற்றோ நோயாளியின் நியூட்ரோஃபில்களை முன்பே உசுப்பி வைத்திருக்கும்; இது முதல் அடி. கொடையாளரின் பிளாஸ்மாவிலுள்ள எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இரண்டாவது அடி. அவற்றுள் பொல்லாத ஒன்று, நியூட்ரோஃபிலின் மேலுள்ள எச்.என்.ஏ-3ஏ என்ற அடையாளத்தைக் குறிவைப்பது. அது பட்டாலே நியூட்ரோஃபில் விறைப்பதை ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

இந்த எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் கருவுற்ற பெண்களிடம் உருவாகின்றன. கருவிலுள்ள தந்தைவழி அடையாளங்கள் தாயின் உடலுக்கு அந்நியம். அதனால்தான் பிரிட்டன் 2003 முதல் பிளாஸ்மாவைப் பெரும்பாலும் ஆண்களிடமிருந்தே எடுக்கத் தொடங்கியது, ட்ராலி குறைந்தது. இதைப் பெண் ரத்தத்தின் 'தீட்டு' என்று யாராவது திரிக்கும் முன் சொல்லிவிடுகிறேன்: ஒருபோதும் கருவுறாத, ரத்தம் ஏற்றிக்கொள்ளாத பெண்ணிடம் இவை பொதுவாக இருப்பதில்லை. சொந்தத்தில் வாங்கிய ரத்தமே மேல் என்னும் நம் பிடிவாதமும் இங்கே அடிபடுகிறது. தாயின் பிளாஸ்மாவில், அந்தப் பிள்ளையின் வெள்ளையணுக்களையே குறிவைக்கும் எதிர்ப்பொருள் இருக்கக்கூடும்.

வந்துவிட்டால் ரத்தம் ஏற்றுவதை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, தேவைப்பட்டால் வென்டிலேட்டரில் வைப்பார்கள். பலர் சில நாட்களில் தேறிவிடுகிறார்கள். விறைத்த அணுவை இளக்கும் மருந்து இன்னும் இல்லை. ரத்தமேற்றலின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் திட்டம் இந்தியாவில் 2012இல் தொடங்கியது. கொடையாளரிடம் எதிர்ப்பொருளைத் தேடும் ஆய்வகங்களுக்கும் அதோடு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.