கைப்பிடியை விட்டபின் வரும் மூன்று வினாடிகள்

கொழும்பை அடுத்த தெஹிவளையில் அக்காவின் வீட்டுக்குப் பின்னால் ஐந்து பேர்ச்சஸ் அளவில் ஒரு புல்தரை இருக்கிறது. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் பத்தே நாட்களில் கணுக்கால் மறைந்துவிடும். தோளில் மாட்டும் புல்வெட்டியோடு மாதம் ஒருமுறை வந்து வெட்டிக்கொடுத்தவர் ஊரோடு போய்விட்டதால், வெளிநாடு செல்லும் குடும்பம் ஒன்றிடமிருந்து அத்தான் ஒரு பழைய மெசினை வாங்கி வந்தார். நான்கு சக்கரமும் நீண்ட கைப்பிடியும் உள்ள, பின்னால் நடந்தபடி தள்ளிச் செல்லும் பெற்றோல் மெசின். கைப்பிடியில் இரண்டு கம்பிகள் இருந்தன. ஒன்று நாம் பிடித்துத் தள்ளுவது. மற்றது அதனோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டிய மெல்லிய வளைகம்பி. இரண்டையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார்கள்.

"இது எதற்கு அத்தான்?" என்று கேட்டேன்.

"அதைக் கழற்றாதே தம்பி. கட்டிவிட்டால் பிடித்துக்கொண்டே நடக்கத் தேவையில்லை, கை நோகாது என்று கொடுத்தவர் சொன்னார்."

கையை விட்டதும் மெசினை நிறுத்தவே அந்த வளைகம்பி இருக்கிறது. கட்டுக்கம்பி ஏன் கழற்றப்பட வேண்டும் என்பதையும், வெட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் அத்தானுக்கு அன்று சொன்னேன். அதை விரிவாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே மாதிரிக் கட்டை வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

மெசினின் வயிற்றுக்கடியில் இருப்பது ஒரே ஒரு பிளேட். பட்டையான இரும்பு, இரு முனையிலும் கூர். பெரும்பாலான மெசின்களில் அது எஞ்சினின் சுழல்தண்டு நுனியில் நேரடியாக முறுக்கப்பட்டிருக்கும். இடையில் கியரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. எஞ்சின் சுழன்றால் பிளேட் சுழலும், பிளேட் சுழன்றால் எஞ்சினும் சுழலும். இந்த இரண்டாவது பாதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் வினாடிக்கு 50 சுற்று. அத்தானின் மெசினில் பிளேட் 53 சென்ரிமீற்றர் நீளம். அதன் நுனி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 1.67 மீற்றர். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 83 மீற்றர், அதாவது மணிக்கு 300 கிலோமீற்றர். கிரிக்கெட்டில் பதிவான மிக வேகமான பந்து, 2003 உலகக் கிண்ணத்தில் சொயிப் அக்தர் வீசியது, மணிக்கு 161.3 கிலோமீற்றர். நம் கால்விரலிலிருந்து ஒரு முழத் தூரத்தில், தகரமூடிக்குள், அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு வேகம் எதற்கு? புல் வெட்டும் முதல் இயந்திரத்துக்கு அது தேவைப்படவில்லை. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரில் கம்பளித் துணியின் மேல்மயிரைச் சீராகக் கத்தரிக்கும் இயந்திரத்தைப் பார்த்த எட்வின் பட்டிங், அதே உத்தியைப் புல்லுக்குக் கொண்டுவந்து 1830இல் காப்புரிமை பெற்றார். உருளையில் சுற்றியிருக்கும் கத்திகள் கீழே அசையாமல் நிற்கும் ஒரு கத்தியின் மீது உரசி, கத்தரிக்கோல் போல வெட்டும். கத்தரிக்கோல் மெதுவாகவே வெட்டலாம், ஏனென்றால் புல்லை இருபுறமும் பிடித்துக்கொள்கிறது. நம் மெசினில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. புல் தன்பாட்டில் நிற்கிறது. மெதுவாகத் தட்டினால் வளைந்து வழிவிட்டுவிடும். வளைவதற்கு நேரம் கொடுக்காமல் அடித்தால்தான் அறுபடும். அரிவாளை ஓங்கி வீசுவதும் இதற்காகத்தான்.

பிளேட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கூருக்குப் பின்னாலிருக்கும் விளிம்பு மேல்நோக்கி வளைக்கப்பட்டிருக்கும், சிறு இறக்கை போல. சுழலும்போது அது காற்றை மேலே இழுக்கிறது. மழையில் படிந்து கிடக்கும் புல் அந்த இழுவையில் நிமிர்ந்து கூருக்கு நேராக வருகிறது, அறுபட்ட துண்டுகள் அதே காற்றில் பக்கவாட்டு வாயால் வெளியே பறக்கின்றன. எனக்கு இந்த மெசினிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரே ஓர் இரும்புத் துண்டு கத்தியாகவும் விசிறியாகவும் வேலை செய்கிறது.

ஆனால் புல்லை நிமிர்த்தும் காற்று கல்லையும் அசைக்கும். நெல்லிக்காய் அளவில் 20 கிராம் கல் ஒன்று பிளேட்டில் பட்டு வினாடிக்கு 60 மீற்றர் வேகத்தில் வெளியேறினால், அதன் சக்தி 36 ஜூல். ஒரு கிலோ சீனிப் பொதியை மூன்றரை மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மேல்மாடியிலிருந்து, தலையில் போட்டதற்குச் சமம். அந்தச் சக்தி முழுவதும் நெல்லிக்காய் படும் இடத்தில் மட்டும் இறங்கும். கண்ணில் பட்டால் என்னவாகும் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆகவே மெசினைத் தொடுவதற்கு முன் தரையை நடந்து பார்க்க வேண்டும். மேலோட்டமாக அல்ல. காலால் புல்லை விலக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. கொழும்பு வீட்டுத் தோட்டத்தில் என்னென்ன கிடக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அன்று நாங்கள் பொறுக்கியவை: இரண்டு சிரட்டை, மழைநீர் நிரம்பிய யோகட் கோப்பை ஒன்று, உடைந்த ஓட்டுத் துண்டுகள், துணி காயப்போடும் கம்பியின் ஒரு முழம், மதிலுக்கு அப்பாலிருந்து விழுந்த டெனிஸ் பந்து. சிரட்டைக்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. டெங்குக்காகப் பார்க்க வேண்டிய அதே இடங்களைத்தான் பிளேட்டுக்காகவும் பார்க்கிறோம், ஒரே நடையில் இரண்டும் முடியும். கம்பித் துண்டைத்தான் நான் கல்லை விடவும் அஞ்சுகிறேன். பிளேட் அதை நறுக்கினால் துண்டுகள் ஆணி போலப் பறக்கும். தேரையும் ஓணானும் இருந்தால் விலகிப் போக அவகாசம் கொடுங்கள்.

பிள்ளைகளும் நாயும் வீட்டுக்குள் போக வேண்டும். "தள்ளி நில்" என்றால் போதாது. புல் வெளியேறும் வாயின் மேல் ஒரு மூடி தொங்கும். அது உடைந்திருந்தால், அல்லது புல் சேரும் பையை மாட்டாமல் மூடியைத் தூக்கிக் கட்டியிருந்தால், மெசினை இயக்கவே கூடாது. அந்த வாய் ஒழுங்கையை நோக்கியோ, அருகிலுள்ள மதிலை நோக்கியோ இருக்க வேண்டாம். மதிலில் பட்ட கல் திரும்பி நம்மிடமே வரும்.

அடுத்தது பிளேட்டைச் சோதிப்பது. அதிகம் பேர் காயப்படக்கூடிய இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இந்த எஞ்சினில் பற்றரி கிடையாது. தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. மேலே சுழலும் கனத்த சக்கரத்தின் ஓரத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவை ஒரு கம்பிச்சுருளைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் மின்சாரம் தூண்டப்பட்டு, பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து, சிலிண்டருக்குள் நீட்டியிருக்கும் ஸ்பார்க் பிளக்கின் நுனியில் பொறியாகப் பாய்கிறது. சாவி இல்லை, சுற்றினால் போதும். பிளேட்டைச் சுற்றினாலும் எஞ்சின் சுற்றும் என்று சொன்னேன் அல்லவா? சிக்கிய புல்லை எடுக்க யாரோ பிளேட்டைக் கையால் தள்ளுகிறார். சிலிண்டரில் கொஞ்சம் பெற்றோல் ஆவி மிச்சமிருக்கிறது. காந்தம் சுருளைக் கடக்கிறது. ஒரே ஒரு வெடிப்பு, அரைச் சுற்று. விரல்களுக்கு அது போதும்.

வளைகம்பியை விட்டிருக்கும்போது சுருளின் மின்சாரம் எஞ்சின் உடலுக்குள் வடிந்து பொறி அணைந்திருக்கும். கட்டுக்கம்பி போட்டுக் கட்டினால் அந்தக் காவல் எப்போதும் போய்விடுகிறது. நின்று கிடக்கும் மெசினும் தயாராகவே கிடக்கிறது. கட்டாத மெசினிலும் பொறியை அணைக்கும் வயர் அறுந்திருக்கலாம். எனவே கையை உள்ளே விடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கின் ரப்பர் தொப்பியை இழுத்துக் கழற்றி, அது ஸ்பார்க் பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். பற்றரியில் ஓடும் மெசின் என்றால் பற்றரியை, மின்கம்பியில் ஓடுவதென்றால் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். மின்கம்பி மெசினுக்கு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஈரப்புல்லில் அதை இயக்க வேண்டாம்.

பிளேட்டைப் பார்க்கப் பெற்றோல் மெசினைச் சாய்க்கும்போது, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரும் காற்று வடிகட்டியும் உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். மறுபக்கம் சாய்த்தால் எஞ்சின் எண்ணெய் வடிகட்டிக்குள் இறங்கி, அடுத்த தடவை வெள்ளைப் புகைதான் வரும்.

பிளேட்டில் பிளவோ வளைவோ இருந்தால் நிமிர்த்தப் பார்க்காமல் புதிது வாங்குங்கள். கூர் மழுங்கியிருந்தால் தீட்டலாம். மழுங்கிய பிளேட் புல்லை அறுக்காமல் கிழிக்கும். கொழும்பில் எங்கும் நட்டிருக்கும் அகல இலை மலேசியன் புல்லில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வெட்டி இரண்டு நாளில் நுனியெல்லாம் நார்நாராகப் பிரிந்து பழுப்பாகிவிடும். தீட்டும்போது இரு பக்கமும் சம அளவில் தேய வேண்டும். ஒரு பக்கம் வெறும் 10 கிராம் கூடினால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டேன். நடுவிலிருந்து 25 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் 10 கிராம், நிமிடத்துக்கு 3,000 சுற்றில், சுழல்தண்டை ஏறத்தாழ 25 கிலோ பாரத்தின் விசையோடு வெளியே இழுக்கிறது. அந்த இழுவை வினாடிக்கு 50 தடவை திசையெல்லாம் சுற்றி வருகிறது. கைப்பிடியில் உள்ளங்கை மரத்துப்போகும் அதிர்வு அதுதான். சோதிக்க ஒரு ஆணி போதும். சுவரில் ஆணியடித்து, பிளேட்டின் நடுத்துளையை அதில் மாட்டுங்கள். தாழும் பக்கம் கனமான பக்கம், அங்கே இன்னும் கொஞ்சம் தேயுங்கள். பூட்டும்போது இறக்கை மேல்நோக்கி இருக்க வேண்டும். போல்ட்டை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள்.

எண்ணெய் மட்டத்தைச் சமதரையில் பாருங்கள். பெற்றோல் கானைத் தரையில் வைத்தே நிரப்புங்கள், அதிலிருந்து மெசினில் ஊற்றுவது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில். பெற்றோல் உறைபனியிலும் பற்றக்கூடிய ஆவியை விடும் திரவம், கொழும்பு வெயிலில் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ எரியும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் வரிசையில் நின்ற காலத்தில் போத்தல்களில் பெற்றோல் சேர்த்து வைத்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆபத்து ஒருபுறம், ஒரு மாதம் தாண்டிய பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி குறைந்து, பிசின் போன்ற படிவு காபரேட்டரின் மயிரிழைத் துளையை அடைத்துவிடும். பல "பழுதான" மெசின்களுக்கு வேறு எந்த நோயும் இருப்பதில்லை. கராஜுக்குள் வைத்து ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்க வேண்டாம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

உயரத்தை எஞ்சின் நிற்கும்போதே மாற்றுங்கள். புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. புல் அடியிலிருந்து வளர்வதால்தான் வெட்டு வாங்கியும் பிழைக்கிறது. ஆனால் உணவு தயாரிக்கும் இலை போதுமான அளவு மிஞ்ச வேண்டும். மழை விட்டதும் வெட்டத் தோன்றும், பொறுங்கள். ஈரப்புல் மூடிக்குள் களியாக அப்பிக்கொள்ளும், வாய் அடைபடும், கை உள்ளே போகத் துடிக்கும். காலும் வழுக்கும்.

உடையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அத்தான் அன்று சாரமும் ரப்பர் செருப்பும்தான் அணிந்திருந்தார். நீளக் காற்சட்டை, விரல்களை மூடிய தடித்த சப்பாத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பெற்றோல் மெசினின் சத்தம் 90 டெசிபலை ஒட்டியிருக்கும். காதையும் மூடுங்கள். எஞ்சினைத் தொடங்கும் கயிற்றை முதலில் மெல்ல இழுத்தால் ஓரிடத்தில் கனக்கும். சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் இடம் அது. அங்கிருந்து ஒரே இழுப்பாக இழுத்தால் கை வெட்டி இழுபடாது. நடக்கும்போது மெசின் எப்போதும் முன்னால் போக வேண்டும். தன்னை நோக்கிப் பின்னிழுப்பவர் தடுக்கி விழுந்தால் மெசின் காலின் மேல் வரும். சரிவில் குறுக்காக நடங்கள். மேலும் கீழுமாகத் தள்ளினால் வழுக்கும் கால் நேரே மூடிக்கடியில் போகக்கூடும்.

இப்போது அந்த வளைகம்பிக்கு வருகிறேன். விழுந்தவர் எதையும் யோசிக்கத் தேவையில்லை. கை விரிந்தால் கம்பி எழும், கேபிள் தளரும், ஒரு தடைப்பட்டை காந்தம் பதித்த அந்தக் கனத்த சக்கரத்தை அழுத்தும், பொறியும் அணையும். அமெரிக்க நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழுவின் விதி 1982இலிருந்து இதைக் கட்டாயமாக்கியது: கையை விட்ட மூன்று வினாடிக்குள் பிளேட் நிற்க வேண்டும். மூன்று வினாடி சிறிதுதான். ஆனால் வினாடிக்கு 50 சுற்றிலிருந்து சீராகக் குறைந்து நிற்பதற்குள் பிளேட் இன்னும் 75 தடவை சுற்றியிருக்கும். எனவே விட்டதும் குனியாதீர்கள், சத்தம் முற்றாக அடங்கட்டும்.

அத்தான் குறடு எடுத்து வந்து கட்டுக்கம்பியை வெட்டினார். சிமெந்துத் தரையில் மெசினை இயக்கி, அவரே கையை விட்டார். நான் எண்ணினேன். ஏழு வந்தபோதுதான் நின்றது. கட்டிக்கிடந்த காலத்தில் ஒருதடவையும் அசையாத கேபிள் துருவேறி இறுகி, வளைகம்பி ஊர்ந்து ஊர்ந்தே திரும்பியது. தடைப்பட்டையிலும் எண்ணெய் ஊறியிருந்தது. அன்று புல் வெட்டவில்லை. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு கடை ஏறி இறங்கிப் பொருத்தமான கேபிளும் பட்டையும் வாங்க ஒரு வாரம் போனது, அதற்குள் புல் முழங்காலை எட்டியது. மாற்றிய பிறகு மறுபடியும் சிமெந்துத் தரையில் எண்ணினோம். நான் "இரண்டு" என்று சொல்லி முடிக்கும்போது மெசின் அடங்கியிருந்தது. அத்தான் உள்ளே போய்ச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்தார்.