பனிப்பாறை இல்லை, பனியாறு

'சியாச்சின் பனிப்பாறை', 'கங்கோத்ரி பனிப்பாறை' என்று செய்தியில் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. 1912இல் டைட்டானிக் மோதியதும் பனிப்பாறை, இதுவும் பனிப்பாறையா? அது கடலில் மிதக்கிற துண்டு, இது மலைமேல் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இறங்கிவருகிற கிளேசியர், தமிழில் பனியாறு என்று சொல்ல வேண்டியது. கடலூர் துறைமுகத்தில் போய்ப் பனிப்பாறை கேட்டால் ஐஸில் கிடக்கும் பாறை மீனைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

கிளேசியர் என்பது பிரெஞ்சு வழியாக வந்த சொல், லத்தீன் மூலத்துக்கு ஐஸ் என்று பொருள். (பிரெஞ்சில் ஐஸ்கிரீம் விற்பவரும் 'கிளாசியே'தான், புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரியும்.)

பாறை என்றால் கிடந்த இடத்தில் கிடக்கும். கிளேசியர் கிடப்பதில்லை. வருஷக்கணக்கில் விழுந்த பனி தன் கனத்திலேயே இறுகி ஐஸாகி, அந்தக் கனமே தள்ளச் சரிவில் மெல்ல நகர்கிறது, போகிற வழியில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு அவற்றாலேயே மலையைத் தேய்க்கிறது. கங்கோத்ரிக்கு மேலே இருக்கும் சிவலிங் சிகரம் (6543 மீட்டர்), ஐரோப்பாவின் மேட்டர்ஹார்ன் (4478 மீட்டர்) எல்லாம் இப்படிப் பல பக்கமும் குடையப்பட்டு மிஞ்சிய கூர்முனைகள். நாம் வாய் பிளந்து பார்க்கிற அழகு அரிப்பு விட்டுவைத்த மிச்சம். இதைப் போய் 'பனிப்பாறை செதுக்கியது' என்று எழுதினால் படிக்கிற பிள்ளைக்கு என்ன புரியும்?

ஆறு என்றால் தண்ணீர் ஓட வேண்டாமா என்று கேட்கிறார்கள். ஐஸாக ஓடுகிறதே! கிளைகள் வந்து சேர்கின்றன, வளைந்து போகிறது, கங்கோத்ரியில் கோமுக் என்ற முனையில் உருகி, கங்கையின் மூலநதியான பாகீரதியாகப் புறப்படுகிறது. பனி என்பது மார்கழியில் புல்மேல் கிடப்பதுதானே என்றால், சரி, அந்தக் குறை இரண்டு சொல்லுக்கும் பொது.

2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலியில் வெள்ளம் வந்தபோது 'பனிப்பாறை உடைந்தது' என்றுதான் செய்தி வந்தது. அப்புறம் ஆராய்ந்தால், ரோந்தி மலையிலிருந்து சரிந்ததில் பெரும்பங்கு நிஜப் பாறை, மீதிதான் ஐஸ். பாறை என்ற சொல்லை ஏற்கெனவே ஐஸுக்குக் கொடுத்துவிட்டவர்கள் இதை எப்படி விளக்குவார்கள்?

பனியாறு ஒன்றும் புதிதாகச் செய்த சொல் இல்லை, பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது, மொழிபெயர்ப்பவர்கள்தான் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அதே பாடத்தில், இரண்டு குடைவுகளுக்கு நடுவே கத்திபோல் நிற்கும் முகட்டை 'அரெட்டு' என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிரெஞ்சில் அதற்கு மீன்முள் என்றும் பொருள். மீன் தின்கிற ஊர்க்காரர்கள் நாம், முள்முகடு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே.