பாண்டும் இண்டெஞ்சரும்: கட்டு ஒன்று, வெட்டு ஒன்று

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டுக்கு மாதாமாதம் 'பாண்டு' கட்டுகிறோம். வீட்டை வைத்து வாங்கிய அடமானக் கடனுக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். பங்குச் சந்தையில் அதே சொல் கடன் பத்திரம். வேதியியல் வகுப்பில் அணுக்களின் பிணைப்பு. அண்ணன் தம்பிக்குள் என்றால் பாசம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கட்டுதல்தான். தமிழில் 'பிணை' என்ற வேர் இதைத் தாராளமாகத் தாங்கும்.

'பாண்டேஜ்' என்ற அடிமைத்தனத்தில் உள்ள பாண்டு மட்டும் வேறு வழியில் வந்தது. பழைய நார்ஸ் மொழியில் 'போண்டி' என்றால் வீடும் நிலமும் உள்ள குடியானவன். இங்கிலாந்தில் நார்மன் ஆட்சி வந்து குடியானவன் பண்ணைக்கு அடங்கியவனானான். சொல்லும் அவனோடு கீழே இறங்கியது. கட்டு என்ற பொருள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு, குறிப்பாகக் குறித்த காலம் உழைப்பதாக எழுதிக்கொள்வதற்கு, ஆங்கிலத்தில் 'இண்டெஞ்சர்' என்று பெயர். அதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறேன். அதன் வேர் பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல். ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். பல் பொருந்தினால் அசல். பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளும் இண்டெண்டும், சரக்குக்குப் போடும் இண்டெண்டும் இதே குடும்பம். தமிழில் 'முறி' என்ற சொல்லுக்கும் துண்டு, பத்திரம் என்று இரண்டு பொருளும் உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்த பொருத்தம். ஆனால் இலங்கையில் 'திறைசேரி முறி' என்று பாண்டுக்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் இப்படி இண்டெஞ்சரில், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். அவர்களைச் சிலர் 'கொத்தடிமைகள்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒப்பந்தத்துக்குக் கெடு இருந்தது. அது முடிந்தபின் பலர் இங்கேயே காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தார்கள். அதே சமயம் 'ஒப்பந்தம்' என்றால் சமமான இருவர் கைகுலுக்கியதுபோல் ஒலிக்கிறது. அப்படியும் இல்லை. 1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழர் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு காந்தியிடம் வந்தார். அடித்தவர் முதலாளி. ஆனாலும் பாலசுந்தரத்தால் சும்மா வேலையை விட்டுப் போக முடியாது; போனால் குற்றவாளியாகச் சிறைக்குப் போக வேண்டும். காந்தி முயன்று ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றித்தான் அவரை மீட்டார்.

தமிழ்நாட்டில் 'ஒப்பந்தக் கூலி' என்று எழுதுவார்கள். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் பணம், அதில் இழிவில்லை. ஆனால் இந்த மண்ணில் அந்தச் சொல்லை எங்கள் பாட்டன் பாட்டிகள் முகத்தில் வசவாக எறிந்தார்கள், இன்றும் அது சுடும். ஆகவே நான் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்றே எழுதுகிறேன்.